திறந்து கிடந்த பானட்

அந்தத் தெருவில் அவளுக்கு டிரைவரம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது லைசென்ஸில் இருக்கிறது, போலீஸ்காரர் கேட்டால் மட்டும் வெளியே வரும். மற்றபடி பால் போடுகிறவரிலிருந்து பக்கத்து வீட்டு வாண்டு வரை எல்லாருக்கும் டிரைவரம்மாதான். ஒரு காலத்தில் அவளுடைய வீட்டுக்காரர் டிரைவர் என்பதால் இவளை அப்படிக் கூப்பிட்டார்கள். இப்போது இவளே ஓட்டுகிறாள். புதுப்பெயர் யோசிக்கிற வேலை தெருவுக்கு மிச்சம்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தாள். தாள்களை அடுக்கித் தட்டி, தைத்து, பசை தடவி, அட்டை ஒட்டுகிற வேலை. விரல் நுனியெல்லாம் காய்ந்த பசையாக இருக்கும். கார் என்பது அவளைப் பொறுத்தவரை தெருவில் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒரு சாமான். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஓட்டவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார், லீவு நாள்களில், லாரிகள் நிறுத்துகிற மைதானத்தில். அவர் சொல்லிக்கொடுத்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும்.

"கிளட்சை மிதின்னா மிதிக்கணும். தடவிக் குடுத்துக்கிட்டிருக்கே!"

"சொல்லிக் குடுக்கறவர் மொதல்ல மனுஷன் மாதிரி சொல்லுங்க. காது கிழியுது."

இரண்டு பேருக்கும் தொண்டை பெரிசு. அவர்கள் சண்டை போட்டால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள், ஒரு வார்த்தை விடாமல் கேட்பதற்காக. ஆனால் எந்தச் சண்டையும் ராத்திரிச் சாப்பாட்டைத் தாண்டியதில்லை. வாய்விட்டுத் திட்டிவிட்டால் மனசில் எதுவும் தங்காது என்பது இருவருக்கும் ஒத்துப்போன ஒரே கொள்கை.

அவருக்குப் பக்கவாதம் ஒரு மத்தியானம் வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. கால், பழகப் பழக, இழுத்துக்கொண்டாவது திரும்பி வந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. கை வரவில்லை.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. உட்கார்ந்தால் உலை வைக்க முடியாது. லைசென்ஸ் எடுத்தாள், சாவியை எடுத்தாள். ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டுக்குப் போகிற நர்ஸ்களை வீடுவீடாக ஏற்றிக்கொண்டு போய் விடுகிற வேலை கிடைத்தது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களை அதே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து விடுவாள். அதில்தான் வீடு நடந்தது.

அவரிடம் மிச்சமிருந்தது காலை வேலை ஒன்றுதான். விடிவதற்கு முன் எழுந்து, வண்டியின் முன்பக்கத்து மூடியான பானட்டைத் தூக்கிக் கம்பியை ஊன்றுவார். ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு பானட்டை இறக்குவார். இரண்டு கையும் உள்ள ஆள் பாட்டுப் பாடிக்கொண்டே முடித்துவிடுகிற வேலை. அவர் இடது கையால் செய்து முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். முடித்துவிட்டு உள்ளே வந்து "ஆச்சு" என்பார். அந்த ஒரு சொல் மட்டும் திக்காமல் வரும்.

ரேடியேட்டர் மூடி பொல்லாதது. பாட்டில் மூடி மாதிரி திருகிவிட்டுப் போக முடியாது. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. பலமாக அழுத்தி, அழுத்தியபடியே திருப்ப வேண்டும். பாதி வழியில் ஒரு தடங்கல் உண்டு. அங்கேயே விட்டுவிட்டால் பார்வைக்கு மூடியது போலத்தான் இருக்கும், ஆனால் மூடியிருக்காது. முழுக்கத் திரும்பினால் மூடியின் இரண்டு காதுகளும் நேராக வந்து நிற்கும். தெரிந்தவர்கள் தொட்டுப் பார்ப்பதில்லை, காதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவளுக்கும் தெரியும். அவர்தான் காட்டியிருந்தார்.

ஆரம்பத்தில் அவள் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். அவர் உள்ளே போனதும் சத்தமில்லாமல் பானட்டைத் தூக்கி மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுவாள். ஒரு நாள் பிடிபட்டாள். அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த சில நாள்கள் வண்டிப் பக்கமே வரவில்லை. அவள் கெஞ்சிக் கூத்தாடித்தான் மறுபடி அவரைக் காலையில் எழுப்ப முடிந்தது. இனி அவர் கை வைத்ததில் நான் கை வைப்பதில்லை என்று அன்றைக்கு மனசுக்குள் முடிவெடுத்தாள். இந்த மாதிரி முடிவுகளை மனசுக்குள் எடுப்பதுதான் வம்பு. வெளியே எடுத்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்திருக்கலாம்.

அந்தக் குறிப்பிட்ட காலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பானட் திறந்தே கிடந்தது. அவரைக் காணோம். தண்ணீர் கேனை வைக்க உள்ளே போயிருப்பார் என்று நினைத்தாள். பார்க்கக்கூடாது என்று இருந்தாலும் கண் போய்விட்டது. மூடியின் காதுகள் கோணலாக நின்றன.

கை தானாக நீண்டது. முதுகுக்குப் பின்னால் ஜன்னல். அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று முதுகு சொல்லியது. அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்த அவருடைய முதுகு ஞாபகத்துக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டாள். பானட்டை இறக்க அவர்தானே வரப்போகிறார், வரும்போது கவனிக்காமலா இருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவர் வந்தார். பானட்டை இறக்கினார். "ஆச்சு" என்றார்.

வழியெல்லாம் அந்த மூடி அவள் நினைப்பிலேயே இருந்தது. அடுத்த சிக்னலில் இறங்கிப் பார்க்கலாம், நர்ஸ்களை இறக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். சூடு காட்டுகிற முள் ஏறவில்லை. பார்க்கப் போனால் வழக்கத்தைவிடக் கீழேதான் கிடந்தது. அதைப் பார்த்து நிம்மதி அடைந்தாள். மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்க மறுத்தது. தட்டுகிற சத்தம் கேட்டது, பானட்டின் இடுக்கெல்லாம் ஆவி புறப்பட்டது, இன்ஜின் அப்படியே நின்றது. நர்ஸ்கள் இறங்கி வேறு வண்டி பிடித்து ஓடினார்கள். அவள் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். என்ன ஆயிற்று என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மெக்கானிக் அவர்களுக்கு நெடுநாள் பழக்கம். வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தவர், மறுநாள் அவளை வரச் சொன்னார். ஆயில், தண்ணீர் கலந்து, பால் விட்ட டீயின் நிறத்தில் ஒரு தட்டில் கிடந்தது.

"தண்ணி சுத்தமா காலி ஆயிருக்குக்கா. தண்ணி இல்லேன்னா அந்த முள்ளு எதைத் தொட்டுச் சூடு சொல்லும்? அதான் கீழயே கெடந்திருக்கு. ஹெட்டு வளைஞ்சு போச்சு. சிலிண்டர்ல கோடு விழுந்திருக்கு."

"சரி பண்ண முடியுமா?"

"ரெண்டு வழி இருக்கு. இதையே சரி பண்ணலாம். ஹெட்டை லேத்துல குடுத்து மட்டமாச் சீவணும், சிலிண்டரைக் கடைஞ்சு புது பிஸ்டன் போடணும். எல்லாம் பண்ணாலும் இது ஒரு தடவை வெந்த இன்ஜின். மறுபடி எப்போ காலை வாரும்னு என்னால சொல்ல முடியாது. இல்லேன்னா இன்ஜினையே மாத்திடலாம். பின்னாடி லாரி இடிச்ச வண்டி ஒண்ணு கெடக்கு, உங்களதுக்கு அடுத்த மாடல். முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. இன்ஜின், ரேடியேட்டர் எல்லாத்தையும் அப்படியே தூக்கி உக்கார வெச்சிடலாம். செலவு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"மாத்திடுவேன். யோசிக்கவே மாட்டேன். அதுல தினம் தண்ணி ஊத்தற வேலையே கெடையாதுக்கா. தனி டப்பா இருக்கு, சர்வீசுக்கு வரும்போது நானே பாத்துக்கறேன். நீங்க பானட்டைத் தொறக்கவே வேணாம்."

மனுஷன் நல்லதைத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது. பானட்டைத் திறக்க வேண்டாம் என்றால் விடியற்காலையில் ஒருவர் எழுந்திருக்கவும் வேண்டாம். "ஆச்சு" என்று வந்து சொல்லவும் ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் யார்? வேளாவேளைக்குச் சோறு போட வேண்டிய ஆள், அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் அவரிடம் ஹோஸ் வெடித்துவிட்டதாகச் சொன்னாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

விஷயம் தெரிந்து அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். நாத்தனார் என்றால் நாலு வார்த்தை சொல்லாமல் போனால் மரியாதை இல்லை என்று நினைக்கிற ஆள்.

"மாத்தறதுக்கு இவ்ளோ யோசனையா? கெட்டுப் போனதைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு உனக்கென்ன தலையெழுத்தா?"

"அண்ணி, மெதுவாப் பேசுங்க. உள்ள இருக்காரு."

"இருக்கட்டுமே. நான் இன்ஜினைத்தானே சொன்னேன்!"

சொல்லிவிட்டு அக்காவுக்கே சுருக்கென்றது. உள்ளே எட்டிப் பார்த்தார், டீயைக் குடித்தார், போய்விட்டார். நாத்தனார் சொன்னது நியாயம்தான். மெக்கானிக் சொன்னதும் நியாயம்தான். வேலைக்குப் போக வண்டி வேண்டும், அதுவும் நடுவழியில் நிற்காத வண்டி வேண்டும். இத்தனை நியாயங்களுக்கு நடுவில் அவள் மட்டும் பழசையே சரி செய்து தரச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். அதுவும் மனசுக்குள்தான்.

முடிவைச் சொல்லக் கிளம்பிய அன்று அவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும்," என்றார்.

"நீங்க எதுக்குங்க? வெயில்ல அலைச்சல். நான் போய்ச் சொல்லிட்டு ஓடி வந்துடறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க, என்ன?"

"நானும்," என்றார் மறுபடியும். ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனாள்.

ஷெட்டில் இன்ஜினின் மேல்பாகம் ஒரு மரப்பெஞ்சில் கவிழ்த்துக் கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் போய் நின்று இடது கையால் தடவிப் பார்த்தார். மெக்கானிக் முக்காலியை இழுத்துப் போட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அவருக்கு இவர்கள் வீட்டுக் கதை தெரியாது.

"ஒழுகல் எங்கயும் இல்லண்ணே. ஹோஸெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. மூடிதான் பாதியில நின்னிருக்கு. அன்னிக்கு யாரு மூடினது?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஹோஸ் என்று சொல்லி வைத்த பொய் அங்கேயே அம்பலமாயிற்று.

"நான்தான். அவசரத்துல நான்தான் சரியா மூடாம விட்டுட்டேன்."

"பொய்," என்றார் அவர்.

மெக்கானிக் துணியைக் கீழே வைத்தார்.

"நான்... மூடினது. கை... வழுக்கிடுச்சு."

"சரி விடுங்க, யாரு மூடினா என்ன? வாங்க, உக்காருங்க..." என்றாள் அவள்.

"இரு." அவர் உட்காரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ பிடித்து இழுத்து வந்தார். "வழுக்கினது... தெரியும். எனக்கு. அதான்... பானட்டை... தொறந்து வெச்சேன்."

"என்னது?"

"நீ... பார்ப்பே. மூடிடுவே. உள்ள போனேன். ஜன்னல்ல... நின்னேன். உன் கை... போச்சு. நான் பாத்தா... நீ எடுத்துடுவே. அதான்... திரும்பிக்கிட்டேன். நீ மூடியிருப்பேன்னு... பாக்காமலே... பானட்டை இறக்கினேன்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.  அவள் கையை இழுத்துக்கொண்ட அந்த நேரத்தில் ஜன்னலில் அவளைப் பார்க்க யாரும் இல்லை. அவள் மூடட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

"நீங்க பாக்கறீங்கன்னுதானே நான் கையை எடுத்தேன்!" அவள் குரல் தகரக் கூரையில் போய் இடித்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? 'மூடு'ன்னு ஒரே ஒரு வார்த்தை! 'ஆச்சு' மட்டும் வருதில்ல, நல்லா டாண்ணு வருதில்ல? மூடுன்னு வராதா? நாலு பொண்ணுங்களை ஏத்திக்கிட்டுப் பாலத்து மேல போனேனே, ஏதாவது ஆகியிருந்தா? உங்க ரோஷத்தைத் தூக்கி ஒடப்புல போட!"

மெக்கானிக் பதறிப்போய் "அக்கா, அக்கா" என்றார். சீக்காளியை இப்படிப் பேசலாமா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் சீக்காளியின் முகம் வேறு மாதிரி இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, கண் கலங்கி, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ... சொன்னியா?" என்றார். "மூடி... கோணலா இருக்குன்னு... சொன்னியா? முன்னெல்லாம்... தெருவே கேக்கச் சொல்லுவே. இப்ப... நர்சு மாதிரி... பேசறே. எவ்ளோ நாளாச்சு... என்னைத் திட்டி."

 அவர் சொன்னது அத்தனையும் உண்மை. குழாயடியில் அவர் சரிந்த நாளிலிருந்து அவள் குரலை இறக்கியே பேசியிருக்கிறாள். சாப்பிடுங்க, என்ன? படுத்துக்குங்க, என்ன? அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள். பாசம்தான். ஆனால் கேட்கிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் மெக்கானிக்கைப் பார்த்துத் திரும்பினார்.

"மாத்து."

"வேணாம்," என்றாள் அவள். "இதையே சரி பண்ணுங்க. நாள் ஆனா ஆகட்டும்."

"வெந்தது," என்றார் அவர். "இதுல... அந்தப் பொண்ணுங்க... போகக் கூடாது. என் கை... மறுபடியும் வழுக்கும்."

"நான் பக்கத்துல நிக்கறேன். ரெண்டு பேரும் சேந்து மூடுவோம்."

"நீயே மூடுவே. அப்புறம்... நான் எதுக்கு?"

  மெக்கானிக் பெஞ்சில் கிடந்த ஸ்பானர்களை எடுத்து, ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்ததையே மறுபடி அடுக்கினார்.

"புதுசு வந்தா அதுல பண்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அவள் கடைசியில். "காலையில எழுந்து என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேன்," என்றார்.

வண்டி புது இன்ஜினோடு வந்து சேர்ந்தது. மறுநாள் காலை, வழக்கமாக அவர் எழுந்திருக்கும் நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் அசைவு இல்லை. அவள் இருட்டிலேயே புடவை கட்டி, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்பினாள். இன்ஜின் தொட்டதும் பிடித்தது. சத்தம் சீராக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. தண்ணீர் பாட்டிலை மறந்தது ஞாபகம் வந்து உள்ளே போனாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறவரின் மூச்சு அவளுக்கு அத்துப்படி. உடம்புக்கு வந்ததிலிருந்து அவர் தூங்கும்போது வாயோரம் காற்று கசிகிற சத்தம் கேட்கும். இப்போது அது கேட்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாசல்வரை போனாள். அன்றைக்கு மாதிரியே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார், நான் கையை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று பட்டது. திரும்பி வந்து விளக்கைப் போட்டாள்.

"தூங்கற மாதிரி நடிக்காதீங்க. உங்களுக்கு அது வராது."

அவர் அசையவில்லை. பிறகு மெதுவாகப் புரண்டு படுத்தார். தலையணை நனைந்திருந்தது.

"சும்மா... இருக்கேன்," என்றார். "ஒண்ணுமே இல்லாம... சும்மா இருக்கேன்."

இந்த இடத்தில் சொல்வதற்கு நர்ஸ்களிடம் நிறைய வாசகங்கள் உண்டு. தினமும் வண்டியில் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம். ஒன்றையும் அவள் சொல்லவில்லை.

"ஆமா," என்றாள். "சும்மாதான் இருக்கீங்க."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் காலை இழுத்து அவளுக்கு இடம் விட்டார். வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பைக்குள் போன் அடித்தது. முதல் ஸ்டாப்பில் நிற்கிற நர்ஸாக இருக்கும். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை. இரண்டு பேரும் அழுது முடிக்கிற வரைக்கும் அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.